வலிக்காத புண்

என் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. அது வலிக்கவில்லை. அதனாலேயே அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

என் பெயர் பாக்கியம், சபையாரே. டோபி காட் ஓடையில் என் வீட்டுக்காரரோடு துணி வெளுக்கிறவள். விடியலிலேயே முழங்கால் தண்ணீரில் நிற்கிற எங்களுக்கு வெற்றிலையும் புகையிலையும்தான் கதகதப்பு. பாக்கு, சுண்ணாம்போடு சேர்த்து இடது கடைவாயில் அடக்கிக்கொண்டால் மதியம் வரை பசி தெரியாது.

அந்த வருஷம் தைப்பூசம் முடிந்த சில நாளில், கஞ்சிக்குத் தொட்டுக்கொண்ட துவையல் வாயில் நெருப்பாய் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு படலம். விரலால் தேய்த்தும் போகவில்லை. சுண்ணாம்பு கூடிப்போயிற்று என்று நினைத்தேன். அதற்கு எதிரே நாக்கோரத்தில் அந்தப் புண். உடம்புச் சூடு என்றார்கள். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சாப்பிட்டேன். மாசிக்காய் இழைத்துத் தடவினேன். புகையிலையை மட்டும் விடவில்லை. வலது பக்கம் மாற்றி அடக்கிக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. புண் ஆறவில்லை. அடியில் புளியங்கொட்டை போலக் கெட்டிப்பட்டது. அப்போதுதான் தேக்கா வட்டாரத்தில் எருமை வைத்துப் பால் விற்ற அந்தோணியம்மாள் நினைவுக்கு வந்தாள். அவளுக்கும் புற்று வாயில்தான் தொடங்கியது. கடைசியில் கன்னம் வெளியே உடைந்து, கஞ்சித்தண்ணீர்கூட இறங்காமல் போய்ச் சேர்ந்தாள். அந்த முகத்தை நினைத்தால் கையிலிருக்கும் துணி நழுவிவிடும்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் மட்டும் கெஞ்சினேன். இதை எடுத்துப்போடும் என்று காலைதோறும் ஜெபித்துவிட்டு வெயிலில் கண்ணாடியைப் பிடிப்பேன். அது அங்கேயே இருக்கும். ஒரு நாள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னைக் கைவிட்டீரே என்று அழுதேன். ஜெபிக்கவும் வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பாட்டுப் பாடும்போது என் நாக்கு புரளவில்லை. பக்கத்தில் ரூத் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் தாதியாக இருப்பவள். நம் சபைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கூட்டம் கலைந்ததும் என்னை ஜன்னலோரம் கூட்டிப்போனாள்.

"அக்கா, வாயத் தொறங்க."

ஒன்றுமில்லை என்று நகரப் பார்த்தேன். அவள் கையை விடவில்லை. வாயைத் திறந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். நாள் ஆச்சு, ஆனால் வலியே இல்லை என்று சமாதானம் சொன்னேன்.

"வலிக்கலங்கிறதுதான்க்கா எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கே வாங்க. இப்ப வந்தா வழி இருக்கு."

வீட்டில் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கத்தி பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும் என்று ஓடைக்கரையில் எல்லோரும் சொல்வார்கள். அவரும் அதை நம்பினார். உபவாசம் இருந்து இன்னும் கொஞ்ச நாள் ஜெபிப்போம் என்றார். அவரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அன்று எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"ஜெபத்துல கேட்டதுக்கு ரூத் மூலமாப் பதில் வந்தாச்சுங்க. அதத் திருப்பி அனுப்ப எனக்கு மனசில்ல."

மறுநாள் காலையில் அவர் துணி மூட்டையைத் தொடாமல் எனக்கு முன்னே நடந்தார்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் துரை என் தாடைக்கடியிலும் கழுத்திலும் வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். அவர் விரல் நிற்கிற இடத்திலெல்லாம் என் மூச்சு நின்றது. கழுத்தில் கட்டி இல்லை, நல்ல வேளை வந்தீர்கள் என்று அவர் சொன்னதாக ரூத் தமிழில் சொன்னாள். ஆனால் நாக்கில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். பிறகு பேச்சு எப்படி வரும் என்று உறுதி சொல்ல முடியாதாம்.

மேஜையில் படுக்கவைத்து மயக்கமருந்துத் துணியை மூக்கில் வைத்தார்கள். இந்த முறை புண்ணை எடுத்துப்போடும் என்று நான் கேட்கவில்லை. இந்தத் துரையின் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டேன். அதற்குள் கண் இருண்டது.

விழித்தபோது வாயெல்லாம் இரத்தமும் தையலுமாக இருந்தது. கெண்டி போல மூக்கு வைத்த கிண்ணத்தால் வாயில் கஞ்சித்தண்ணீர் ஊற்றினார்கள். விழுங்கும்போதெல்லாம் உயிர் போயிற்று. பேசக் கூடாது என்றார்கள். பேச வராதோ என்கிற பயம் வலியைவிடப் பெரிதாயிருந்தது.

தையல் ஆறியபின் ஒரு காலை, துரை என்னைப் பேசவைக்கச் சொன்னார். ரூத் யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னக்கா?"

கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. நம்மில் யார் சொல்கிறோம்? அவர் கட்டில் காலடியில் நின்றிருந்தார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"தேவசகாயம்" என்றேன்.

நடுவில் ஓர் எழுத்து குழறியது. ஆனாலும் பெயர் முழுசாக வந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க அழுதார்.

ஆண்டுகள் போய்விட்டன. புண் திரும்பவில்லை. வீட்டில் புகையிலை இல்லை, பாக்கும் இல்லை, அவரும் விட்டுவிட்டார். முதல் மாதங்கள் கொடுமையாக இருந்தன. ஒரு துண்டு சுக்கை வாயில் போட்டுக்கொண்டு ஜெபித்தே கடந்தோம். ஓடைக்கரைப் பெண்களை வெயிலில் உட்காரவைத்து வாயைப் பார்ப்பது இப்போது என் ஊழியம். ஒருத்திக்கு வெள்ளைப் படலம் மட்டும் இருந்தது. டாக்டரிடம் அனுப்பினேன், புகையிலையை விட்டாள், படலம் மறைந்தது. இன்னொருத்தி வெட்கப்பட்டு நாள் கடத்தினாள். அவளைப் போன மாதம்தான் அடக்கம் பண்ணினோம்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், சகோதரிகளே, சகோதரர்களே. நாக்கின் ஓரத்தையும் அடியையும், கன்னத்தின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ படர்ந்திருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண் இருந்தால், வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள். என் கர்த்தர் எனக்குச் செவிகொடுத்தார், உங்களுக்கும் கொடுப்பார். முழங்காலிட்டு ஜெபியுங்கள். எழுந்ததும் ஆஸ்பத்திரிக்கு நடங்கள். தனியே போகப் பயமாயிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் கூட வருகிறேன்.