குமாரி மேல் விழாத வெயில்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் கலவானப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, என் வீட்டுக்காரர் வேலுசாமியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இன்னும் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேய் இரவில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தது பட்டப்பகலில்... நல்ல வெயிலில்.

சமையல் கேஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற வருஷம். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் விறகுக்குக் காட்டுக்குத்தான் போனோம். அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் கிருஷ்ணகுமாரியையும் கூப்பிட்டேன். "அட்டைன்னா எனக்குப் பயம் அண்ணி, நான் வரல" என்றாள். "பெரிய மகாராணி! கால்ல சவுக்காரத்தத் தேச்சுக்கிட்டு வா" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். "பாத்துக் கூட்டிட்டு வா" என்றார் அவள் அண்ணன்.

காட்டுக்குள் நாங்கள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். 'ஹூ' என்று குரல் கொடுப்போம். மூன்று தடவை கேட்டால்தான் அது மனிதக் குரல். அதற்கு முன் வாய் திறந்தால் வேறு ஏதோ பின்னால் வந்துவிடும் என்பார்கள். எனக்கு அதில் அசையாத நம்பிக்கை.

மழை பிடித்தது. ஆளுக்கொரு பக்கம் மரத்தடியில் ஒதுங்கினோம். மழை விடும் நேரம், பள்ளத்துப் பக்கமிருந்து ஒரு குரல்.

ஹூ...

குமாரியின் குரல் மாதிரி இருந்தது. காத்திருந்தேன்.

ஹூ...

இது கொஞ்சம் மெலிந்திருந்தது. பதில் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். மூன்றாவது வரவே இல்லை.

அப்போதுதான் வெயில் வந்தது. மரங்களுக்கு நடுவே கம்பி கம்பியாக இறங்கியது. அந்த வெளிச்சத்துக்குள் குமாரி போய்க்கொண்டிருந்தாள். தலையில் விறகுக்கட்டு. அப்பாடா என்றிருந்தது.

"நில்லுடி, நானும் வர்றேன்!"

திரும்பவில்லை.

கோபம் போல என்று பின்னாலேயே நடந்தேன். நான் தொப்பலாக நனைந்திருந்தேன். அவள் கவுன் காய்ந்திருந்தது. என் காலடியில் சுள்ளி முறிந்தது. அவள் காலடியில் சத்தமே இல்லை...

ஓரிடத்தில் நின்றாள். வெயில் நேராக அவள் தலைக்கு மேல் இறங்கியது.

அவள் மேல் விழவில்லை. அவளுக்குள் புகுந்து தரையில் விழுந்தது.

நிழல் இல்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. அது குமாரி இல்லை.

அப்படியே திரும்பிப் பள்ளத்துக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. உயிர்ப் பயம். அது வெளியே போகும் வழியில் நடந்தது. நானும் போனேன்.

ரோட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. முன்னால் யாரும் இல்லை.

லயத்தில் அவர் கேட்டார். "குமாரி எங்க?"

"எனக்கு முன்னாடியே வந்துட்டாளே..."

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். கூட்டாளி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். சாயந்தரம்தான் தேடிப் போனார்கள். பள்ளத்தில், கல்லிடுக்கில் கால் மாட்டிக் கிடந்தாள். கொழுந்து லொறி ஓட்டும் மக்கீன்தான் தூக்கி வந்தார். உயிர் இல்லை.

அன்றிரவே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "செத்தவ வந்து ஒன்னக் கொண்டாந்து விட்டிருக்கா" என்று அவரே தேற்றினார். அந்த நினைப்பில்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார்.

"டாக்டர் சொல்றாரு... நாங்க தூக்குறப்போ, உசுரு போயி ஒரு மணித்தியாலங்கூட ஆகலயாம்."

நான் காட்டை விட்டு வெளியே நடந்தபோது குமாரி உயிரோடு கிடந்தாள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது எது என்று எனக்குத் தெரியாது. நான் போனேன் என்பது மட்டும் தெரியும்.