பெரட்டில் இல்லாத பெயர்

பஞ்சாலை ஆயாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல் என்று போன வைகாசிக்கு முன்னால் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன். ஒரு மண்டபத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதற்கே இந்த அம்மாவுக்கு இவ்வளவு ராங்கியா என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். என் பெயர் சத்தியசீலன். ராசா என்ற ஊரில் வீடு. நீலாயில் உள்ள தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அந்தம்மாவுக்கு என்னைவிடச் சீக்கிரம் வரும்.

சுவா என்ற ஊருக்கு உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவில் எங்கள் தோட்டத்து மண்டபம் இருக்கிறது. நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்து ரொம்ப வருஷமாகிறது. மண்டபத்தை மட்டும் ஒரு கமிட்டி வைத்து நடத்திவருகிறோம். எங்கெங்கோ குடியேறிப் போனவர்கள்கூடக் கல்யாணம், காதுகுத்து என்றால் இங்கேதான் வருவார்கள். அதைப் பார்த்துக்கொள்வது பஞ்சாலை. அறுபத்தொரு வயது. ஆயா என்றதும் பாட்டி என்று நினைத்துவிடக் கூடாது. அம்மாமார்கள் ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு ஆயாக்கொட்டாய் என்று பெயர். அங்கே இருபது வருஷம் பிள்ளை பார்த்தவர் அவர். என்னையும் அவர்தான் பார்த்தார். காலையில் எண்ணி வாங்குவார், மத்தியானம் எண்ணிக் கொடுப்பார். ஒரு தலை குறைந்தாலும் அது கிடைக்கும்வரை ஒருத்தரையும் வீட்டுக்கு விடமாட்டார்.

மண்டபத்தையும் அப்படித்தான் நடத்துகிறார். எங்கள் கல்யாணங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்கைப் பார்த்து உட்கார வேண்டும். அதனால் ஜோடிக்க வருகிறவர்கள் எல்லாரும் மணவறையை மேற்குச் சுவரில் ஒட்டித்தான் போடுவார்கள். மேற்குச் சுவரில்தான் அவசரத்துக்கு வெளியேறும் கதவு இருக்கிறது. மேலே பச்சை விளக்கில் 'கெலுவார்', அதாவது வெளியே போகும் வழி என்று எரிந்துகொண்டிருக்கும் அந்தக் கதவு, வருஷக்கணக்காகப் பூ அலங்காரத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. ஆயா வந்ததும் கதவுக்கு ஐந்தடி தள்ளித் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார்.

"பொண்ணு மாப்ள கிழக்கப் பாக்கட்டும், நான் வேணாம்னு சொல்லல. ஆனா இந்தக் கோட்டத் தாண்டி ஒரு பூ வந்துச்சு, மணவறைய நானே பிரிச்சிருவேன்."

ஒரு தடவை பிரித்தும் இருக்கிறார். வேலை மெனக்கெட்டவர் என்று நான் சிரித்தேன்.

என் தங்கை மாதவிக்கு வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமானது. அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது. அப்பாவின் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அவருடைய அண்ணன், தங்கராஜு பெரியப்பா. மாதவி அவர் தோளில் வளர்ந்தவள். அவர் இல்லையென்றால் அது எங்களுக்குக் கல்யாணமே இல்லை.

பெரியப்பா இந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். இருட்டு விலகும் முன்பே ஆட்கள் திடலில் வரிசையாக நிற்பார்கள். மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, அவரவர் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பெரட்டு. அவர் கூப்பிடும் சத்தம் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும் என்பார்கள். இப்போது எழுபத்தொன்பது வயது. முட்டி இரண்டும் போய்விட்டன. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

மண்டபம் கேட்டுப் போனபோது ஆயா நிரப்பச் சொல்லி ஒரு பாரத்தை நீட்டினார். 'நிகழ்ச்சிப் பொறுப்பாளர்' என்ற இடத்தில் பெரியப்பா பெயரை எழுதினேன். குடும்பத்தில் பெரியவர் பெயர்தானே முதலில் வர வேண்டும்? எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

"இது என்னா, கல்யாணப் பத்திரிகையா?" என்றார் ஆயா.

"ஒரு மரியாதைக்குத்தான் ஆயா."

"மரியாதைய மாலையில போடு. நெருப்பு கிருப்பு பத்திக்கிச்சுன்னா மண்டோரண்ணன் ஓடி வந்து முந்நூறு பேர வெளியேத்துவாரா? பொறுப்புன்னா கதவு தொறந்திருக்கான்னு பாக்கணும், வயரப் பாக்கணும், எல்லாரும் வெளிய வந்தாச்சான்னு பாக்கணும். தாரை வாக்குறவரு மணவறையில இருப்பாரா, கதவுகிட்ட நிப்பாரா? ஒன் பேர எழுது லா."

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிப் பெரியப்பா பெயரை அடித்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு என் பெயரை எழுதினேன். அடுத்த வரியில் 'தானாக எழுந்து நடக்க முடியாதவர்கள்' என்று இருந்தது.

"யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல."

இருந்தார். ஆனால் ஒரு இடத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு, இந்த இடத்தில் எழுதினால் குடும்பம் இரண்டாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

எழுதாமலே இரண்டாகப் பார்த்தது. யார் போய் ஓதினார்களோ, மூன்றாம் நாள் பெரியப்பா போன் பண்ணினார்.

"ஏன்டா, என் பேர அடிச்சிட்டு ஒன் பேரா? அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா? அப்ப நீயே தாரை வாத்துக்க."

வைத்துவிட்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். மாதவி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆயாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"ஒங்க பாரத்தால என் தங்கச்சி கல்யாணம் நிக்கப் போவுது! கமிட்டியில சொல்லி ஒங்கள அந்த மண்டபத்த விட்டு வெளிய அனுப்புறேனா இல்லையா பாருங்க!"

"பேசி முடிச்சிட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் ஆயா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கே போயிருக்கிறார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வா என்றுகூடச் சொல்லாமல் பார்த்தாராம். ஆயா வாசலில் நின்றே பேசினாராம். "மண்டோரண்ணே, ஒங்களுக்கு மணவறையில வேல. வாசல் வேலைய சின்னவன்கிட்டக் குடுத்துட்டேன். கோவம்னா என் மேல கோவப்படுங்க. அந்தப் பொண்ணு என்னா பாவம் பண்ணுச்சு?" பெரியப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நான் ஒரு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு ஆயா என்னை மண்டபம் முழுக்க இழுத்துக்கொண்டு அலைந்தார். இது தீயணைக்கிற சிலிண்டர், இப்படி இழுக்கணும். ஒரு பிளக்குக்கு ஒரு சாமான்தான். வெளியே வர வேண்டிவந்தால் எல்லாரும் முன்னால் உள்ள திடலில், பழைய பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். மணவறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. அதன் வெளிப்பக்கத்து இரும்புக்கதவை அவரே திறந்துவைத்து, "இதப் பூட்டக் கூடாது" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சீர்த்தட்டும் நகையும் அந்த அறையில் இருக்கின்றன, போகிற வருகிறவன் கை வைக்கவா? அவர் தலை மறைந்ததும் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெரியப்பா காரில் வந்து இறங்கினார். சும்மா கூட நடக்கிற மாதிரி இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கி அந்த அறைக்குக் கொண்டுபோனோம். "முகூர்த்தம் ஒம்பதுலேருந்து பத்தரதான? கூப்புடு, வர்றேன்" என்று கட்டிலில் சாய்ந்தார்.

ஒன்பது இருபது இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் கூட்டிவந்த வீடியோக்காரர்கள் இரண்டு பெரிய விளக்கு, ஒரு ஊதுகாற்றாடி, பேட்டரி சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே நீட்டு வயரில் சொருகியிருந்தார்கள். நான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது சொல்வார்களோ என்று சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. அந்தச் சின்ன அறையை ஒட்டித் தொங்கிய திரை புகைந்து, படக்கென்று பற்றிக்கொண்டது.

மண்டபம் இருண்டது. ஆயா மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார். "எல்லாரும் எந்திரிங்க! சாமான எடுக்காதீங்க! பாதிப் பேரு முன்னால, பாதிப் பேரு மணவறைக்குப் பின்னால!" அந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கதவு தடையில்லாமல் திறந்தது. மாதவியும் மாப்பிள்ளையும் மாலையோடு அதன் வழியாகத்தான் வெளியே வந்தார்கள். சமையல்காரர் ரவிச்சந்திரன் சிலிண்டரை எடுத்து அடித்தார். நெருப்பு அடங்கினாலும் புகை அடங்கவில்லை. யாரோ தீயணைப்புப் படைக்கு, பொம்பாவுக்குப் போன் பண்ணினார்கள்.

திடலில் ஆயாவின் குரல் கேட்டது. "அவங்கவங்க வீட்டு ஆள அவங்கவங்க எண்ணுங்க!" ஒவ்வொரு குடும்பமாக இருக்கோம், இருக்கோம் என்று குரல் வந்தது. என்னிடம் வந்து நின்றார்.

"ஒன் வீடு?"

விரல் விட்டு எண்ணினேன். அம்மா, மாதவி, என் மனைவி குமுதவல்லி, பிள்ளைகள் இரண்டு. "எல்லாம் இருக்கு ஆயா."

என்னையே பார்த்தார். "மண்டோரண்ணன் எங்க?"

பெரட்டில் மண்டோர் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுகிறவரே அவர்தான். பிறந்ததிலிருந்து அவரை எங்களோடு சேர்த்து நான் எண்ணியதே இல்லை.

"அந்த ரூம்ல படுத்திருக்காரு... அவரால எந்திரிக்க முடியாது ஆயா. நான் எழுதல."

"அடப்பாவி! நான் வீட்டுக்குப் போனப்பகூட நாற்காலிய விட்டு எந்திரிக்கல. திமிருன்னுல்ல நெனச்சேன்!"

சொல்லிக்கொண்டே ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு இரும்புக்கதவுக்கு வந்து இழுத்தார். பூட்டியிருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பையிலிருந்து சாவியை எடுத்தேன், அவசரத்தில் கீழே போட்டேன். அவர்தான் பொறுக்கித் திறந்தார். புகை முகத்தில் அடித்தது. பெரியப்பா கதவுக்கு அருகிலேயே தரையில் கிடந்தார். கட்டிலிலிருந்து விழுந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு முழங்கையால் ஊர்ந்து வந்திருக்கிறார். அக்குளுக்குக் கீழே கை கொடுத்து இருவரும் இழுத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் திடலுக்குத் தூக்கி வந்தோம்.

இருமி இருமி மூச்சு வந்ததும் நான் கத்திவிட்டேன். "ஒரு கொரல் குடுத்திருக்கலாமே பெரியப்பா! ஓடி வந்திருப்பேனே!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் ஆயாவுக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார். "எந்திரிக்க முடியலன்னு எப்படிடா கத்துறது... அத்தன பேரு இருக்கப்ப."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவரை அப்படி வாயடைத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். ஆயா ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே திட்டினார். "தூக்குன்னு ஒரு வார்த்தைண்ணே. கொட்டாய்ல எத்தன புள்ளைங்க என்னப் பாத்து கைய நீட்டியிருக்கும்! ஒன்னாச்சும் வெக்கப்பட்டிருக்குமா? ஒங்களுக்கு மட்டும் என்னாவாம்?"

பொம்பா வந்து பார்த்துவிட்டு, வயர் எல்லாம் சோதிக்கும்வரை உள்ளே போகக் கூடாது என்றார்கள். பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். தாரை வார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார், அசையவில்லை. மணி பத்தாகிவிட்டது. மணவறையில்தான் தாலி கட்ட வேண்டும், புகைதான் போய்விட்டதே என்று மாமன் முறைக்காரர்கள் சிலர் வாசலுக்கு வந்தார்கள். ஆயா கையை விரித்து மறித்தார். முதல் தடவையாக நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "பொறுப்பாளர் நான்தான். ஒருத்தரும் உள்ள போவக் கூடாது" என்றேன். ஐயர் திடலில் இருந்த சாப்பாட்டுப் பந்தலுக்கு அடியில் கிழக்குப் பார்த்து இரண்டு பலகை போடச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் தாரை நின்றுதான் வார்க்க வேண்டும். பத்தே கால் ஆனது. ஐயர் செம்பை எடுத்து நீட்டி, "பெரியவர் எழுந்து வாங்க" என்றார். முந்நூறு பேரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தார். உந்திப் பார்த்தார். கால் கேட்கவில்லை. உட்கார்ந்தே குடுக்கட்டுமே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். மாதவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அசையவில்லை. கேட்காமல் தூக்கினால் அவர் மனம் உடைந்துவிடும் என்று பயந்தேன்.

பெரியப்பா இரண்டு கையையும் மேலே நீட்டினார். பெரட்டில் பெயர் கூப்பிடுகிற அதே குரலில், திடல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"டேய் சத்தியசீலா! என்னால எந்திரிக்க முடியல. தூக்குடா!"

நான் ஓடிப்போய் ஒரு பக்கம் தூக்கினேன். மறுபக்கம் ஆயா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்.