கமெண்டில் பேசிய அக்கா

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று ஆரணியில் எங்கள் தெருவே சொல்லும். சொல்லட்டும். ஆனால் இந்த செல்போன் மேல் எனக்கு வந்தது நியாயமான கோபம்.

செய்யாறு கம்பெனியில் வேலை செய்யும் மகன் அங்கேயே குடிபோய்விட்டான். வீட்டில் நானும் என் மனைவியும்தான். நான் தறியில் உட்கார்ந்து நெய்வேன். அவள் நாலடி தள்ளி ராட்டையில் நூல் சுற்றுவாள். தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் நான் மிதியை நிறுத்துவேன். சத்தம் நின்றதுமே அவள் தலையைத் தூக்கி, "என்னாங்க?" என்பாள். நெசவு வீடுகளில் அதுதான் வழக்கம்.

மகன் அவளுக்குப் போனும் இயர்போனும் வாங்கிக் கொடுத்ததிலிருந்து, தறி நின்றாலும் அவளுக்குத் தெரிவதில்லை. தினமும் பதினொரு மணிக்கு யாரோ ஒருத்தி லைவில் சமைப்பாள். இவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒற்றை விரலால் கமெண்ட் தட்டுவாள். யாரோ முகம் தெரியாதவர்களுக்கு! எனக்கு வயிறு எரிந்தது. ஒரே அறையில் அவளோடு உட்கார்ந்துகொண்டு, நாதியற்றவன் மாதிரி ஆகிவிட்டேன்.

ஒருநாள் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கக்கேடு, சொல்லித்தான் ஆகவேண்டும். என் போனில் ரோஜாப்பூ படம் வைத்து, பெண் பெயரில் ஒரு கணக்கு திறந்தேன். அவள் போட்ட கமெண்டுக்குக் கீழே, "வீட்டுல எல்லாரும் சுகமா தங்கச்சி?" என்று எழுதினேன். எப்படியாவது அவளோடு பேசவேண்டும், அவ்வளவுதான்.

உடனே பதில் வந்தது. "சுகம்க்கா. சாப்டீங்களா?"

பத்து நாளில் எத்தனை பேச்சு! அவளுக்கு முட்டி வலி என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"அவர்கிட்டயா? வாயத் தொறந்தா, சும்மா இரு, சேலையில புட்டா தப்பிடும்னு வள்ளுனு விழுவாருக்கா. இருபது வருஷமா இதே பேஜார். அவருக்கு எதனா வேணும்னாதான் தறிய நிறுத்துவாரு."

பொய் என்று சொல்ல முடியுமா? நான் நிறுத்தியதெல்லாம் தண்ணீர் கேட்க, டீ கேட்க. அவள் பேசுவதற்காக ஒருநாளும் நிறுத்தியதில்லை.

எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "என்னா வேணும்?" என்றாள். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் போனேன். கேட்டால் நான்தான் அந்த அக்கா என்று தெரிந்துவிடுமே! "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குனிந்து போனில் எதையோ தட்டினாள்.

தறிக்குத் திரும்பி வந்து என் போனை எடுத்துப் பார்த்தேன்.

"அக்கா, இன்னிக்கு அவர் சும்மா வந்து என் பக்கத்துல உக்காந்துகினு இருந்தாரு. உடம்புக்கு எதனா வந்துடுச்சோன்னு பயமா கீது."