ஐப்பசி மூன்றாம் தேதி

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற பொன்னுச்சாமியைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. விதைக்கிற நேரத்தில் விதைப்பார், அறுக்கிற நேரத்தில் அறுப்பார். ஆபீசு வாசல் என்றால் மட்டும் கால் பின்னுக்கு இழுக்கும். அந்தப் பாழாய்ப்போன குணம்தான் பெற்ற மகளின் தலையில் வந்து விடிந்தது.

மகள் முருகேஸ்வரி பிளஸ் டூவில் நல்ல மார்க். பி.பார்ம் படிக்கவேண்டும், அதுவும் அரசுக் கல்லூரியில். தனியார் கல்லூரிப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எடுத்து என்ன ஆகப்போகிறது? பொண்டாட்டியின் தம்பி தங்கப்பாண்டி பரமக்குடியில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். "சீட்டுக் கெடச்சாப் படிக்கட்டும் அத்தான். இல்லேன்னா ஜாதகத்த எடுங்க" என்று கெடுவும் வைத்துவிட்டார்.

கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்று முடிவு வந்த அன்று அப்பனும் மகளும் மாலதியின் பிரவுசிங் சென்டரில் நின்றார்கள். இட ஒதுக்கீட்டில் அவர்கள் பிரிவுக்கு மிச்சமிருந்தது ஒரே இடம். அது முருகேஸ்வரியோடு படித்த ஜெயப்பிரியாவுக்குப் போயிருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே மார்க்குத்தானேம்மா?" என்றார் பொன்னுச்சாமி.

"ஆமாண்ணே. பாடம் பாடமாப் பாத்தாலும் ஒண்ணுதான். அப்பிடி வந்தா வயசுல மூத்தவகளுக்குக் குடுப்பாக. ஜெயப்பிரியா பொறந்தது நவம்பர் ஒம்பது. நம்ம புள்ள நவம்பர் பதினெட்டு" என்றாள் மாலதி.

முருகேஸ்வரி திரும்பினாள். "அய்யா, ஐப்பசியிலதானே அம்மா எனக்கு வருசா வருசம் பாயாசம் வைக்கும்?"

பொன்னுச்சாமிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவள் பிறந்தது ஐப்பசி மூன்று, இங்கிலீசுக்கு அக்டோபர் இருபது. ரோடெல்லாம் தண்ணீர், வீட்டிலேயே பிரசவம். அன்றைக்கே ஜோசியரிடம் ஓடி, நாழிகை சொல்லி ஜாதகம் எழுதிய மனுசன், பிறப்பைப் பதியப் போகவில்லை. களை, உரம் என்று ஒரு மாதம் தாண்டித்தான் போனார். "இனித் தாலுகா ஆபீசுக்கு அலையணும். கார்த்திகை ரெண்டுல பொறந்ததாப் போட்டுருவமா?" என்று பிறப்புப் பதிவு எழுதுகிறவர் கேட்டார். "போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அதுதான் சர்டிபிகேட்டில் நவம்பர் பதினெட்டு. பதினேழு வருசமாக அதை அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"ஜாதகத்தக் காட்டுனா ஏத்துக்கிற மாட்டாகளாம்மா?"

"அது செல்லாதுண்ணே. சர்டிபிகேட்ல உள்ளதுதான் தேதி."

ஜெயப்பிரியாவைக் குறை சொல்ல முடியுமா? அந்தப் பிள்ளையும் ராவாப் பகலாப் படித்ததுதான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொன்னுச்சாமி தன்னையே திட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

வீட்டில் தங்கப்பாண்டி காத்திருந்தார். முருகேஸ்வரி நேரே உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து மஞ்சள் தடவிய ஜாதகத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

"இந்தாங்க மாமா. இதுல தேதி சரியா இருக்கு."

பொன்னுச்சாமி "இரு தாயி" என்றார். தங்கப்பாண்டி ஜாதகத்தைக் கண்ணில் ஒற்றிப் பையில் வைத்துக்கொண்டார். சர்டிபிகேட்டை யாரும் கேட்கவில்லை.