அக்கா வார்த்தையை மறக்கவில்லை

அக்காவின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். அத்தானும் பிள்ளைகளும் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். "ஒங்களுக்குத்தான் சித்தி அம்மாவப் பத்தி எல்லாம் தெரியும்" என்றான் பெரியவன். அவனுக்குத் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். அதை எழுதாமல் மற்றதை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா காரைக்கால் பக்கம் நெரவியில் பிறந்தார். அப்பா அரிசி ஆலையில் வேலை பார்த்தார். நான் அக்காவுக்கு இரண்டு வயது இளையவள். நினைவு தெரிந்த நாள் முதல் எனக்கு அவர்மேல் பொறாமை. இறந்தவரைப் பற்றிய மலரில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் அதுதான் உண்மை. அக்கா கோவிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியபோது போட்ட கவுனை இடுப்பில் பிடித்துத் தைத்துத்தான் எனக்குப் போட்டார்கள். உறுதிபூசுதலுக்கு ஆயர் வந்தபோது, பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். எனக்கும் விடை தெரியும். நான் கை தூக்குவதற்குள் அக்கா சொல்லிவிட்டார். ஆயர் அவர் தலையில் கை வைத்து, "நல்ல ஞாபகசக்தி" என்றார். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாபகசக்திதான் அவருக்குச் சோறு போட்டது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதியும் மேசையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். தங்கள் பிள்ளையின் பிறந்த தேதி மறந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவர்களுக்கு, புத்தகத்தைத் திறக்காமலே வருடம் சொல்லுவார். அப்பா படுத்த படுக்கையானபோது அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீடு நடந்தது. என் கல்யாணமும் அதில்தான் நடந்தது. அதற்கு நான் அவரிடம் நன்றி சொன்னதாக நினைவில்லை.

பிறகு மின்துறையில் வேலையாக இருந்த அத்தானைக் கைப்பிடித்து கோவில்பத்துக்குக் குடிவந்தார். இரண்டு ஆண் பிள்ளைகள். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் மகள் பிறந்தாள், அதுவும் எட்டாம் மாதத்திலேயே. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். நான் மயக்கத்தில் கிடந்தேன். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள். விடிந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டார். பங்குத்தந்தையைக் கூட்டிவர என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் வருவதற்குள் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. அக்கா நர்சிடம் கேட்டு உள்ளே போய், தானே பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். ஆபத்தில் யாரும் கொடுக்கலாம் என்பது நமக்கெல்லாம் மறைக்கல்வியில் சொல்லித்தந்ததுதானே.

பிள்ளை பிழைத்தாள். நாலு மாதம் கழித்து, கோவிலில் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க நான் பங்குத்தந்தையிடம் போனேன்.

"தண்ணி ஊத்தியாச்சு, பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு வார்த்தை சொல்லியாச்சு. அப்ப ஞானஸ்நானம் முடிஞ்சிதும்மா" என்றார். "எண்ணெய் பூசுறது, வெள்ளை உடுப்பு, மெழுகுவர்த்தி, அதெல்லாம் செஞ்சிடலாம். தண்ணி திரும்ப ஊத்தக் கூடாது."

ஆறு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் நான் பிடிக்க, தண்ணீர் விழுந்து அவள் சிணுங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். அதையும் அக்கா முந்திக்கொண்டுவிட்டார், ஆயர் கேட்ட கேள்வியைப் போலவே. அப்போது என் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்காவே எங்கிட்ட சொன்னாங்க ஃபாதர். பதட்டத்துல வார்த்தை கொழம்பிடிச்சாம்."

அக்கா அப்படிச் சொல்லவேயில்லை.

மறுநாள் அக்காவை வரச்சொல்லி, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பங்குத்தந்தை கேட்டார். "ஒங்க தங்கச்சி இப்படிச் சொல்றாங்க. உள்ளதுதானாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. "ஆமா ஃபாதர்" என்றார். "என்ன சொன்னேன்னு எனக்கே நிச்சயமில்ல."

வார்த்தை தவறினால் ஞானஸ்நானம் செல்லாது. அதனால் 'ஏற்கனவே பெறவில்லை என்றால்' என்ற சொற்களை முன்னால் சேர்த்து, என் மகளுக்குக் கோவிலில் மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். வீட்டு ஆட்கள் மட்டும் வந்தால் போதும், கூட்டம் வேண்டாம் என்று பங்குத்தந்தை சொல்லியிருந்தார். நான் நாற்பது பேரைக் கூப்பிட்டேன். போட்டோ எடுக்க ஆள் வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். எங்கள் தாய்மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். "நெரவியில எவன் எப்பப் பொறந்தான்னு கேளு, கிழமையோட சொல்லுவா. பிதா, சுதன் மட்டும் மறந்துடும்." எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அது வந்தது. "ஜெபத்த நீ ஆரம்பிக்காத தாயி, நடுவுல நின்னுபோயிடும்." மாமா மனதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் இதைப் படித்துவிட்டு வருந்த வேண்டாம். அவர் சிரித்தது நான் சொன்ன பொய்யை நம்பி.

சுனாமிக்கு அடுத்த வருடம் அக்காவின் தெருவில் பிறந்த ஒரு பிள்ளைக்குத் திடீரென்று முடியாமல் போனது. பங்குத்தந்தை வெளியூர் போயிருந்தார். அன்றைக்கு நான் அக்கா வீட்டில் இருந்தேன். நாங்கள் ஓடினோம். வாசலிலேயே அந்தப் பிள்ளையின் பாட்டி கையை நீட்டி மறித்தார். "நீங்க வேணாங்க. தப்பா நெனைக்காதீங்க. உபதேசியார் வந்துகிட்டிருக்காரு." அக்கா செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அந்த நேரத்திலும் எனக்குள்ளே ஒரு சின்ன திருப்தி எட்டிப் பார்த்தது. இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்குமாக எட்டு மாதம் அலைந்தோம். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான் தருவார். "ஒனக்குத்தான் கொமட்டும்" என்பார், கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வந்தவர். கடைசியில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டார். "ஃபாதர வரச் சொல்லு. நோயில்பூசுதல் வாங்கிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்குப் பிள்ளைக்குப் பால் புகட்டுற பாலாடையில தண்ணி எடுத்தேன். மூணு தரம் ஊத்தினேன். ஒரு வார்த்தை விடல. ஃபாதர்கிட்ட பொய் சொன்னேன்னு மட்டும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கேன், என்ன பொய்யின்னு சொன்னதில்ல. இப்ப சொல்லணும். சொன்னா ஒன் பேரும் வருமே. சொல்லிக்கட்டுமா?"

சாகக் கிடக்கும்போது என்னிடம் அனுமதி கேட்கிறார்.

"நீ ஒண்ணும் மறக்கலேன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா."

"ஞானஸ்நானம் செல்லாம போயிடுமோங்கிற பயத்துல நீ அப்படிச் சொல்லிட்டன்னு நெனச்சேன். நீ எதுக்கும் பயப்படுவியே."

உங்களில் பலரும் என்னை அப்படித்தான் நினைக்கிறீர்கள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிடம் பிந்தினால் தெருமுனையில் போய் நிற்பவள்தான் நான்.

"பயம் இல்ல. பொறாம" என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வலித்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எம்மேலயா? எங்கிட்ட என்னடி இருந்திச்சி?"

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு மட்டும் பொறாம இல்லியா? ரெண்டும் பையனாப் போச்சி. அன்னிக்கு அது தலையில தண்ணி ஊத்துறப்ப, இது எம்புள்ளன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன். நீ மயக்கத்துல கெடக்குற, நான் அப்படி நெனைக்கிறேன். ஃபாதர் கேட்டப்ப அதுதான் ஞாபகம் வந்திச்சி. சரி, திருப்பிக் குடுத்துடுவோம்னு ஆமான்னுட்டேன்."

பங்குத்தந்தை வந்தார். இவர் புதியவர், பழைய கதை தெரியாதவர். சங்கீர்த்தனம் கேட்க எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அந்தச் சாத்திய கதவைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? தொடங்கி வைத்தவள் நான். அக்கா உள்ளே அதை இறக்கிவைத்துவிட்டு லேசாகப் போகப்போகிறார். நான் அதைச் சுமந்துகொண்டு வராந்தாவில் நிற்கிறேன்.

கதவு திறந்ததும் எல்லோரும் உள்ளே போனோம். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். நன்மை அப்பத்தை ஒரு சிறு துண்டாக்கிக் கொடுத்தார். அக்காவால் விழுங்க முடியவில்லை. நான் பாலாடையில் தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். என் மகள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். "பெரியம்மா, கொஞ்சமா ஊத்துறேன்" என்று இரண்டு சொட்டு விட்டாள். அக்கா விழுங்கினார். எட்டு வயதுப் பிள்ளை, அவர் வாயோரத்தைத் துடைத்தும் விட்டாள்.

பங்குத்தந்தை கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "ஃபாதர், எனக்கும் அஞ்சு நிமிசம்" என்றேன். அவர் என்ன சொன்னார் என்பதை எழுதப்போவதில்லை. மூன்றாம் நாள் காலையில், செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது அக்கா போய்விட்டார்.

புதுச்சேரிக்கு ஒவ்வொரு முறையும் லீவு போட்டு வந்த அத்தானின் தோழர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த அன்பிய ஜெபக்குழுப் பெண்களுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், பெட்டி தூக்க முதல் ஆளாக வந்து நின்று வாய்விட்டு அழுத மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவைத் தன் வாசலில் மறித்த அந்தப் பாட்டியும் அடக்கத்துக்கு வந்திருந்தார். அவருக்கும் இந்த மலரில் ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்பது சாமியார்கள் பார்த்துக்கொள்ளும் காரியம். உங்களிடம் சொல்வது என் காரியம். அடுத்த பக்கத்தில் என் மகளின் ஞானஸ்நானப் படத்தைப் போட்டிருக்கிறோம். நடுவில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பிள்ளையைப் பிடித்திருப்பவள் நான். தலை துவட்டத் துண்டு வைத்துக்கொண்டு ஓரமாக, பாதி மறைந்து நிற்பவர் அக்கா. அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர்தான்.