மடிப்பை மனப்பாடம் செய்த ரோபோ

தரையில் வரைந்த கருப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ போட்டிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஆண்டுக்கு ஓர் அணிதான் சென்னை போகும். நாங்கள் மூன்றாமாண்டு படித்தபோது சீனியர்களின் அணியில் என் தோழிக்குக் கிடைத்தது அறிக்கை எழுதும் வேலை. அவள் வரைந்து கொடுத்த ரோபோ வடிவத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இறுதியாண்டில் அவளே ஓர் அணி சேர்த்தாள். அவள் திருநெல்வேலி, விடுதியில் என் அறைத்தோழி. நான் புரோகிராம் எழுதினேன். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்துபோகும் வகுப்புத் தோழன் மோட்டாரும் சர்க்யூட்டும் பார்த்துக்கொண்டான். தன் ரோபோ ஒருமுறையாவது சென்னை போக வேண்டும் என்பது மட்டுமே அவளுடைய ஆசை.

அந்த ஆண்டு விதிகளில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை பெயின்ட் அடித்த பிளைவுட் பலகைதான் களம். இனி களத்தை ஃபிளெக்ஸில் அச்சடித்து விரிப்பார்கள் என்றிருந்தது. சுருட்டி எடுத்துப் போக வசதிதானே என்று நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பேனர் அடிக்கும் கடையில் அதே அளவில் ஒன்று அச்சடித்து, பஸ்ஸில் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தோம். கண்டக்டர் எந்தக் கட்சி பேனர் என்று கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலண்ணே," என்றாள் தோழி.

ஆய்வகத் தரையில் விரித்த அந்தப் பாயை (அப்படித்தான் சொல்லத் தொடங்கியிருந்தோம்) பூஜை அறை போலக் காப்பாற்றினோம். செருப்போடு ஏறக்கூடாது. ஓரங்களில் செங்கல். தினமும் துணியால் துடைப்பு. இருந்தும் அது பலகை ஆகவில்லை. சுருட்டி வைத்த ஞாபகம் அதற்குப் போகவே இல்லை. அங்கங்கே அலை அலையாய் எழும்பி நின்றது. ரோபோவின் முன்தகட்டில் இருந்த சென்சார்கள் மேட்டில் ஏறினால் கோட்டை விட்டன, இறங்கினால் தரையில் உரசின. பளபளப்பில் சக்கரம் வழுக்கியது. ஒவ்வொன்றுக்கும் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன்: மூன்றாம் திருப்பத்துக்கு முன் வேகம் குறை, நீண்ட நேர்க்கோட்டின் நடுவில் ஒரு கணம் சென்சாரை நம்பாதே. கடைசியில் ரோபோ ஒரு தடவைகூடப் பிசகாமல் ஓடியது. எந்த அணி போவது என்று துறைத் தலைவர் முன்னால் தேர்வு நடக்க ஒரு வாரம் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மறுநாள் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோழி செங்கற்களை நகர்த்தினாள். பாயைச் சுருட்டி, மறுபடி விரித்து, ரோபோவை விட்டாள். இரண்டாம் திருப்பத்திலேயே அது கோட்டை விட்டு நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

"இது கோட்டப் பாத்து ஓடல. இந்தப் பாயோட மடிப்ப மனப்பாடம் பண்ணிருக்கு," என்றாள்.

எங்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த வியாதிதான். கேள்வித்தாளில் வரிசையை மாற்றினால் விழித்தோமே, அதுதான்.

பிள்ளைப்பாக்கத்தானுக்குக் கோபம். "இன்னாத்துக்கு இப்ப அதக் கலைச்ச? சாரு இந்தப் பாயிலதான பாக்கப் போறாரு. அப்டியே வுட்டிருந்தா நாமதான் செலக்ட்."

அவன் சொன்னது சரி. பழைய மடிப்புகளை ஒருவாறு திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று நானும் சொன்னேன்.

"அங்க போயி முழிக்கதுக்கு, இங்கயே தோத்துட்டுப் போறோம்," என்றாள் அவள். அந்த ரோபோ போக வேண்டும் என்று எங்கள் மூவரில் அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான்.

நான் சேர்த்த வரிகளையெல்லாம் அழித்து, கோடு தவறினால் இரு பக்கமும் துழாவித் தேட மட்டும் எழுதினேன். அவள் சென்சார் தகட்டை உடம்பிலிருந்து கழற்றி, அலமாரிக் கதவின் சின்னக் கீல் ஒன்றில் தொங்கவிட்டாள். அடியில் இரண்டு பாட்டில் மூடிகளைக் கவிழ்த்து ஒட்டினாள். இப்போது மேடு வந்தால் தகடு மட்டும் ஏறி இறங்கியது. சென்சாருக்கும் பாய்க்கும் நடுவிலிருந்த இடைவெளி மாறவில்லை. சக்கரங்களுக்கு சைக்கிள் டியூப் சுற்றினோம். வேகம் பாதியாகக் குறைந்தது. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் யாராவது ஒருவர் பாயைக் கெடுக்க வேண்டும் என்று புதிய சட்டம் வந்தது. பிள்ளைப்பாக்கத்தான் கோபத்தை மறந்து, எட்டி உதைத்து, உருண்டு, அந்த வேலையை ரசித்துச் செய்தான்.

தேர்வில் எங்களோடு மோதிய அணி, தாங்களே அச்சடித்த இன்னொரு பாயை அசைக்காமல் விரித்து வைத்துப் பழகியிருந்தது. தோழி அவர்களிடம் போய், பாய் எப்படி வேண்டுமானாலும் கிடக்கும், கலைத்துப் போட்டு ஓட்டிப் பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவர்களுடைய கேப்டன், கோலம் சரியாக விழவில்லையா என்று கேட்டுச் சிரித்தான்.

துறைத் தலைவர் செமினார் ஹாலில், கார்ப்பெட்டின் மேல் பாயை விரிக்கச் சொன்னார். அது மெத்தைபோல அமுங்கியது. எதிரணி ரோபோ சீறிக்கொண்டு கிளம்பி, ஒரு மேட்டில் மூக்கைத் தூக்கி, கோட்டை இழந்து நேராகச் சுவருக்குப் போனது. எங்களுடையது ஊர்ந்தது. தகடு ஏறி, இறங்கி, தலையாட்டிக்கொண்டே போய் முடித்தது.

துறைத் தலைவர் ஷூ முனையால் பாயை ஒரு பக்கம் தள்ளி, இன்னொரு முறை விடச் சொன்னார். இந்த முறை புதிய மடிப்பில் ரோபோ கோட்டை விட்டுவிட்டது. தோழியைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரோபோ இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று துழாவியது. பிறகு கோடு கிடைத்தது. தொடர்ந்து ஓடி முடித்தது.

"ரொம்ப மெதுவா போகுதேம்மா," என்றார். பிறகு, "சரி, இதையே எடுத்துட்டுப் போங்க," என்றார்.

பிள்ளைப்பாக்கத்தான் என் முதுகில் ஒரு தட்டு தட்டினான். தோழி குனிந்து கார்ப்பெட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நாங்க கெளம்புறவரைக்கும் இந்த ஹால் கிடைக்குமா?" என்று கேட்டாள். "இதுல ரோபோ இன்னும் நல்லா தடுமாறுது. இங்கயே பழக்கிக்கிடுதோம்."