பொதுக் கோப்பில் ஒரு வரி

சுனில்டா பிரிதெஸ் கணினி படித்தவர் அல்ல. வில்லர்ரிகாவில் எங்கள் மருத்துவமனைக்குக் கோப்பு எழுத வந்தவர். பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தானே கற்று, நோயாளிகள் வீட்டிலிருந்தே டோக்கன் போடும் பக்கத்தை எழுதினார். அதற்கு முன் விடியுமுன்பே வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தது ஜனம். அந்தச் சர்வர் இன்றும் படிக்கட்டுக்கு அடியில் இரைந்துகொண்டிருக்கிறது. அதன் மொழியை இப்போது யாரும் எழுதுவதில்லை.

பக்கம் ஆறு மணிக்குத் திறந்து ஏழுக்கு மூடும். ஏழு அடித்ததும் வரவேற்பில் இருக்கும் மிர்த்தா பட்டியலை அச்சடிப்பாள். மார்ச் இருபத்து நான்கு, திங்கட்கிழமை, தாள் வெறுமையாக வந்தது.

"ஞா சுனி, ஒரு பேருகூட இல்ல. ஊர்ல எல்லாரும் குணமாயிட்டாங்களா?" பெரியவர்களை மரியாதையாக அழைக்கப் பெண்ணுக்கு ஞா, ஆணுக்குத் தோன் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

வந்தவர்களோ, ஆறு மணியிலிருந்து அழுத்துகிறோம், முதல் பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது என்றார்கள்.

நேரக் கட்டுப்பாடு இல்லாத தன் சோதனைப் பக்கத்தில் சுனில்டா போட்டுப் பார்த்தார். டோக்கன் கிடைத்தது. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினார். அனுமதிகள் சரி. கடிகாரம் சரி. தரவுத்தளத்தைத் திறந்தால் அன்றைய தேதியில் நான்கு பெயர்கள், ஆறு மணி சொச்சத்தில் பதிவானவை. அப்படியானால் ஏழு மணிப் பட்டியலில் ஏன் இல்லை?

"நீ முன்னாடியே அச்சடிச்சிட்டியா?"

"சீக்கிரமா வேலை செய்ய எனக்கென்ன கிறுக்கா?"

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை, ஒரே குவளையில் எல்லாரும் மாறி மாறி உறிஞ்சும் குளிர்ந்த இலைச்சாறான தெரெரே சுற்றி வந்தபோது, சுனில்டா குவளையைக் கையில் வைத்தபடி திரையையே பார்த்து உறைந்திருந்தார்.

"அது மைக் இல்ல ஞா சுனி. குடிச்சிட்டு இந்தப் பக்கம் குடுங்க" என்றாள் மிர்த்தா.

மருத்துவமனைப் பொறுப்பிலிருந்த டாக்டர் கவுதோ மெதுவாகத்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமையும் இப்படின்னா பக்கத்த மூடிடலாம். பழையபடி வாசல்ல வரிசை." சுனில்டா எதிர் மேசையில் கணக்கு எழுதும் என்னைப் பார்த்தார். நான் என் தாள்களைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை தோன் அனஸ்தாசியோ என்ற முதியவர் டோக்கன் சீட்டோடு வந்தார்.

"சீட்டு கையில இருக்கு. இந்தப் பொண்ணு பேரே இல்லங்குது."

சீட்டில் 6:04 என்றிருந்தது.

"ஆறு நாலுக்கா போட்டீங்க, தோன்?"

"அப்ப நான் பால் கறந்துட்டு இருந்தேம்மா. ரேடியோல ஏழு மணி சேதி ஆரம்பிச்சப்புறம்தான் பேத்தி போட்டா."

"ஏழுக்கு மேல பக்கம் மூடிடும் தாத்தா. கதை விடாதீங்க" என்றாள் மிர்த்தா.

"அப்ப என் பசுவக் கேளு."

சுனில்டா சீட்டையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லாப் பக்கங்களும் இழுத்துக்கொள்ளும் பொதுக் கோப்பைத் திறந்தார். நான்கு நாளாக அதை மட்டும் திறக்கவில்லை. அதில் ஒரு வரி இருந்தது: மார்ச் நான்காம் ஞாயிறு முதல் அக்டோபர் முதல் ஞாயிறு வரை ஒரு மணி குறை.

முன்பெல்லாம் மார்ச்சிலிருந்து அக்டோபர்வரை, எங்கள் குளிர்காலத்தில், நாடே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும். தேதி அடிக்கடி மாறும், சர்வர் தடுமாறும். அதனால் சர்வரின் கடிகாரத்தைக் கோடை நேரத்திலேயே நிலையாக வைத்து, கழித்தலைத் தன் கையால் எழுதியிருந்தார். போன அக்டோபரில் இனித் தள்ள வேண்டாம் என்று சட்டம் வந்தது. எல்லாக் கடிகாரங்களும் கேட்டுக்கொண்டன. இந்த வரிக்கு யாரும் சொல்லவில்லை. அது ஏழு மணியை ஆறு என்று நம்பி, பக்கத்தை ஏழுக்குத் திறந்து எட்டுக்கு மூடிக்கொண்டிருந்தது.

"நாலு நாளா என்னையே தேடிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

"அழிச்சிடுங்க" என்றாள் மிர்த்தா.

"மாட்டேன். சட்டம் போட்டவங்க மறுபடி மனசு மாறுவாங்க." வரியின் தலையில் ஒற்றைக் குறி ஒன்று வைத்தார். அது இருந்தால் சர்வர் அந்த வரியைப் படிக்காது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு முப்பத்தொன்பது பெயர்கள் வந்தன. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு முதல் நோயாளியை அழைத்தார். முந்தின நாள் வாசல் வரிசையிலேயே இடம் நிறைந்துவிட்டதால் திரும்பிய தோன் அனஸ்தாசியோவின் பெயர் அதில் இல்லை. எட்டு மணிக்கு நேரில் வந்து நின்றார்.

"நேத்து ஏழு மணிக்குக் கெடச்சுது. இன்னிக்கு அதே ஏழு மணிக்கு ஏன் தரல? சரி பண்ணிட்டேன்னீங்களே?"

சுனில்டா பேனாவை எடுத்து, பட்டியலின் கீழே நாற்பதாவதாக அவர் பெயரை எழுதினார்.